கம்பியை விட்டதும் தடுமாறுகிறேன்: பாலேயில் சென்டர் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். நான் பாலே என்னும் மேற்கத்தியச் செவ்வியல் நடனத்தைக் கற்கத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. கைப்பிடிக் கம்பியருகே ப்ளியே (முழங்காலை மடக்குவது), தாந்து (ஒரு காலைத் தரையோடு நீட்டுவது), ரெலவே (குதிகாலை உயர்த்தி நிற்பது) மூன்றையும் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறேன். ஆனால் கம்பியைப் பிடிக்காமல் செய்யும் சென்டர் பயிற்சிக்காகக் கூடத்தின் நடுவே வந்ததும் அதே தாந்துவில் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. நிற்கும் காலின் விரல்கள் மடங்கித் தரையை இறுகப் பற்றுகின்றன. என் வீட்டில் கம்பி இல்லை. கம்பியே இல்லாமல் தொடக்கநிலை சென்டர் பயிற்சியை வீட்டில் செய்யலாமா?

மறுமொழி 1:
தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன், அடுத்த வகுப்பில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: தாந்துவில் கால் முழுவதும் நீண்டிருக்கும்போது, கம்பியின் மேலிருக்கும் கையை ஒரு விரற்கடை உயர்த்துங்கள். உடல் அசைந்தால், நிற்கும் கால் சுமக்க வேண்டிய எடையில் ஒரு பங்கை இதுவரை உங்கள் கை சுமந்து வந்திருக்கிறது என்று பொருள். நடுவில் நேரும் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வீட்டில் ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைக்கும் ஐந்தாம் நிலையை விட்டு, குதிகால்கள் சேர்ந்து விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் முதல் நிலையில் தொடங்குங்கள். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் ஆகிய மூன்றிலும் எடை பரவியிருக்க வேண்டும். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் நகரத் தொடங்கும் முன்பே எடையை நிற்கும் காலின் மேல் கொண்டுவந்து, நான்கு எண்ணிக்கையில் காலை நீட்டி, நான்கில் மூடுங்கள். இது பழகிய பிறகு தாம் லியே செய்யுங்கள்: ப்ளியே வழியாக ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றும் இந்தப் பயிற்சியைத்தான் சென்டரின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமநிலைக்குக் கண், உட்செவி, மூட்டுகளிலும் பாதத்திலும் எழும் உணர்வு ஆகிய மூன்றும் துணை நிற்கின்றன. தரையைப் பார்த்தால் தலை முன்னால் சாய்ந்து, அதன் எடை உடலையும் இழுத்துவிடும். கண்மட்டத்தில் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டியும் சில முறை செய்யுங்கள்.

திசைகளும் சென்டரில்தான் முழுமையாகப் பிடிபடும். உங்களைச் சுற்றி ஒரு சதுரத்தைக் கற்பனை செய்துகொண்டு, முன்மூலையை நோக்கித் திரும்பி க்ரவாஸே (முன்னிருந்து பார்க்கக் கால்கள் குறுக்கிட்டுத் தெரிவது), எஃபாஸே (கால்கள் திறந்து தெரிவது) நிலைகளைப் பழகுங்கள். இந்தச் சதுரத்தின் பக்கங்களையும் மூலைகளையும் எண்களால் குறிப்பார்கள்; வகனோவா என்னும் பயிற்சி முறையில் நேர்முன்பக்கம்தான் 1. செக்கெட்டி என்னும் மற்றொரு முறையிலோ முன்பக்க வலது மூலை 1. எனவே உங்கள் வகுப்பு எந்த எண்முறையைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை. பாதத்தை வலிந்து வெளியே திருப்பாதீர்கள். தொடக்கத்தில் நான் அப்படிச் செய்து பல வாரங்கள் முழங்கால் வலியோடு இருந்தேன். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். ப்ளியேயில் முழங்கால் கால்விரல்களுக்கு நேர்மேலே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வழுக்கும் தரையில் காலுறையோடு ரெலவே செய்ய வேண்டாம். ஒற்றைக்காலில் நின்று சுழலும் பிரூவெட்டை ஆசிரியர் முன்னிலையில் கற்றுக்கொள்வதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் கையை உயர்த்திப் பார்த்தேன். வலக்காலில் நிற்கும்போது அசைவே இல்லை. இடக்காலில் நின்றபோது உடனே கம்பியைப் பற்ற வேண்டியதாயிற்று. ஆகவே இந்த வாரம் இடக்காலில் நின்று செய்யும் தாந்துவை மட்டும், கைகளை இடுப்பில் வைத்துப் பழகப்போகிறேன்.