ஓமோரி: ரிவ்யூவை நம்பி விளையாடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (முடிவை உடைக்காமல்)

முதலில் என்னுடையது. இந்த வீடியோ கேமை 2022-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்தபோதுதான் வாங்கினேன். கணினியில் 2020 டிசம்பர் 25 அன்றே வந்துவிட்டதால், அதற்குள் படிக்க ரிவ்யூ நிறைய இருந்தது. ஓவியம், இசை, மனச்சோர்வையும் பதற்றத்தையும் காட்டிய விதம் எல்லாவற்றுக்கும் பாராட்டு. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட குறை ஒன்றுதான்: கதாநாயகப் பையன் நண்பர்களோடு சுற்றும் கனவுலகப் பகுதி இழுவை. ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் நீண்ட கதை விளையாட்டு) என்றால் இழுக்கத்தானே செய்யும் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

சண்டை முறை உடனே பிடித்துப்போனது. சண்டை போடுகிறவர்களின் மனநிலைதான் ஆயுதம்: சந்தோஷம் கோபத்தை வெல்லும், கோபம் சோகத்தை வெல்லும், சோகம் சந்தோஷத்தை வெல்லும். சோகமாக இருப்பவனுக்குத் தற்காப்பு கூடும், வேகம் குறையும். இதை யோசித்தவருக்குச் சோகம் நன்றாகத் தெரியும்போல. தோற்றுப்போன நண்பன் வறுத்த ரொட்டித் துண்டாக மாறிவிடுவான். முதல்முறை சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

அப்புறம் கனவுக்கு வெளியே, ராத்திரியில் அந்தப் பையனின் சொந்த வீட்டு மாடிப்படி. இறங்க இறங்க முடியவே இல்லை. எதிரே நிற்பதை அடித்தாலும் ஒன்றும் ஆகாது. மனதை அமைதிப்படுத்திக்கொள்வதுதான் அங்கே கற்றுத்தரும் வித்தை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஹால் லைட்டைப் போட்டேன். முப்பத்தொரு வயதில். "பயமுறுத்துவதைவிட அழவைக்கும் விளையாட்டு" என்ற மாதிரி எங்கோ படித்துவிட்டு அசட்டையாக உட்கார்ந்ததற்கு அது வேண்டும்தான்.

*

நான் கனவுலகத்தில் வரும் ஸ்வீட்ஹார்ட் என்ற பாத்திரத்தின் கோட்டையோடு நின்றுவிட்டேன். இழுவை என்று எழுதியவர்கள் ரொம்ப மென்மையாக எழுதியிருக்கிறார்கள் என்பேன். அறை அறையாக அலைச்சல், நடுநடுவே ஜோக், மறுபடி சண்டை. நான்கு இரவு போனது. வேலை முடிந்து பத்து மணிக்கு உட்காருகிறவனுக்கு நான்கு இரவு சாதாரணம் இல்லை.

"அந்தப் பையன் நிஜத்திலிருந்து ஓடி ஒளிகிறான், அதனால்தான் கனவு நீளமாக இருக்கிறது" என்று ரசிகர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். சரி, அவன் ஒளியட்டும். நான் எதற்கு அவனோடு இருபது மணி நேரம் ஒளிய வேண்டும்?

*

என் கதை வேறு. வண்ணப் பென்சிலில் வரைந்த மாதிரிப் படங்கள், ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் எக்கச்சக்கமான நல்ல மதிப்பீடு. பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பிக்குப் பரிசாக வாங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கினோம். திரையில் முதலில் வந்ததே எச்சரிக்கை: மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை பற்றிய காட்சிகள் உண்டு என்று. அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன்.

ரிவ்யூக்களில் இதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மேலே படிக்காமல் விட்டவன். அன்றைக்கு மூடி வைத்தேன். ஒரு வாரம் தனியாக முடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் போகட்டும்டா என்றேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

*

கதவைத் திறக்காமல் விளையாடியவர் யாராவது உண்டா? நிஜ உலகில் நண்பன் கெல் வந்து அந்தப் பையனின் கதவைத் தட்டுகிறான் அல்லவா, பையன் வீடு மாற இன்னும் மூன்று நாள் இருக்கும்போது. நான் திறக்கவில்லை. தந்திரம் எல்லாம் ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில் என் வீட்டில் யார் மணி அடித்தாலும் நானும் திறப்பதில்லை, பழக்க தோஷம். அது தனிப் பாதை என்றே பிறகுதான் தெரியும். நான் படித்த ரிவ்யூ எதிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

விளைவு, எல்லாரும் இழுவை என்று திட்டுகிற கனவுலகம் எனக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்தது. வெளியே போகும் நேரம் குறைய, நண்பர்களோடு விளையாடும் நேரம் ஏறியது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அப்புறம் யோசிக்கும்போது உறுத்தியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கதவைத் திறந்தேன்.

*

கோட்டையில் நின்ற நண்பருக்கு: உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. கனவுலகத்தில் கால்வாசியை வெட்டியிருந்தாலும் கதை நின்றிருக்கும். 2014-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, ஆறு வருடத்துக்கும் மேலாகச் செய்தது. அவ்வளவு காலம் கையில் வைத்திருந்தவர்களுக்கு எதையும் வெட்ட மனம் வந்திருக்காது. ஆனால் மாடிப்படி மாதிரி இன்னும் சில இரவுகள் பாக்கி இருக்கின்றன. அதற்காகவாவது கோட்டையைத் தாண்டிப் பாருங்கள்.

*

பார்க்கலாம். அழிக்கவில்லை, சேவ் அப்படியேதான் கிடக்கிறது. மாரி என்ற பாத்திரம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும், ஆட்டத்தைச் சேவ் செய்யும் இடத்தில். (எங்கள் தெருவிலேயே மூன்று மாரி உண்டு, அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை.) சனிக்கிழமை லீவு.