சிந்தசைஸர் இசையில் முதலில் மாட்டிக்கொண்டது எப்படி?

பழையடேப்:
ஹாஸ்டல் சீனியர் கொடுத்த கேசட், மேலே பேனாவில் ‘டேஞ்சரின் டிரீம் - ஃபீட்ரா’, ஒரு ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவின் ஆல்பம். விளக்கை அணைத்துவிட்டு வாக்மேனில் போட்டேன். பாட்டும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது, அடியில் ஒரு பாஸ் மட்டும் குடுகுடுவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போகப்போக சுருதி வழுக்குகிறது. பேட்டரி இறங்கிவிட்டது போல என்று அறைத்தோழனின் டார்ச்சிலிருந்து இரண்டு பென்சில் செல்லை உருவிப் போட்டேன். அதே இடத்தில் அதே வழுக்கல். சரி, டேப்பை இழுத்துத் தொலைத்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் மெஸ்ஸில் அவர் ஒரு வரிசை என்றால் நான் வேறு வரிசை. அந்த வருடமே படிப்பு முடிந்து போய்விட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது: 1973 கடைசியில் அதைப் பதிவு செய்தபோது அந்தக் குழுவின் மூக் சிந்தசைஸர் சூடேறச் சூடேற அதில் சத்தத்தைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்கள் தாமாகவே சுருதி விலகியிருக்கின்றன, அதை அப்படியே விட்டு 1974இல் ஆல்பமாகவே போட்டுவிட்டார்கள். கேசட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மோகனக்காரன்:
எனக்குப் பம்பாய்க்காரர் சரண்ஜித் சிங். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகம் வாசித்தாரே, அதே ரெக்கார்டுதான். லேப்டாப்பில் பூபாலி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “டேய், இது நம்ம மோகனம்டா, எவன்டா இதைத் தவளை மாதிரி கத்தவிட்டிருக்கான்?” என்றார். திட்டுகிறார் என்று நிறுத்தப் போனேன். “இரு, முடியட்டும்.” ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையைக் கண்டுபிடித்ததே பம்பாய்தான் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முந்நூற்றுமூன்று:
மோகனக்காரன், அதைச் சொல்லாதீர்கள். 1982இல் அவர் டிபி-303 பாஸ் பெட்டி, டிஆர்-808 டிரம் பெட்டி, ஜூபிட்டர்-8 கீபோர்டு மூன்றையும் வைத்து வாசித்தது உண்மை, சிகாகோவில் ஆசிட் ஹவுஸுக்குப் பெயர் வாங்கித்தந்த ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வந்தது என்பதும் உண்மை. அதற்காக அவர்கள் இதைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்று ஆகிவிடுமா? இந்த ரெக்கார்டு அப்போது விற்கவே இல்லை, 2010இல் மறுபதிப்பு வந்தபோதுகூட யாரோ செய்த குறும்பு என்று பலர் நம்ப மறுத்தார்கள். 303 உண்மையில் பாஸ் கிடாருக்குப் பதிலாக வாசிக்க ரோலண்ட் கம்பெனி செய்த பெட்டி, அந்த வேலைக்கு உருப்படவில்லை, 1984இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகும் ஸ்லைடு அதில் உண்டு. ராகம் வாசிப்பவருக்கு வேறென்ன வேண்டும்? சிகாகோக்காரர்கள் அதே 303இன் குமிழைத் திருகித் திருகி வேறு வழியாக அங்கே போனார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக மரியாதை கொடுங்கள்.

பழையடேப், அது மூக் இல்லை, மோக். அதை உருவாக்கிய ஆள் தன் பெயரை அப்படித்தான் உச்சரித்தார். இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாஸ் பாதி வராது, சுமாரான வயர் ஹெட்போன் போதும். செய்துபார்க்க ஆசை வந்தால் உடனே காசைக் கொட்டி கீபோர்டு வாங்க வேண்டாம், கம்ப்யூட்டரில் ஓடும் விசிவி ராக் சிந்தசைஸர் இலவசம், ஒரு ஆசிலேட்டர், அந்தச் சத்தத்தைச் செதுக்க ஒரு ஃபில்டர், அவ்வளவுதான், ஒரு மாதம் அதோடு விளையாடுங்கள்.

என் கதையா? மாமாவின் காரில் கிராஃப்ட்வெர்க் குழுவின் ‘ஆட்டோபான்’ கேட்டேன். 22 நிமிடப் பாட்டு, வீடு வந்தும் இறங்கவில்லை.

மேடைகீபோர்டு:
சண்டை முடிந்ததா? நான் கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்தவன். அந்தக் காலத்து மெதுவான இங்கிலீஷ் காதல் பாட்டுகளில் மணி அடித்த மாதிரி ஒரு எலக்ட்ரிக் பியானோ வருமே, அதை என் சின்ன கேசியோவில் கொண்டுவர மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். பெரிய ரகசியம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் வாடகைக்கு யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைஸர் வந்தது. மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறேன். 11ஐ அமுக்கி, நாலு கட்டையைச் சேர்த்து ஒரு கார்டு பிடித்தேன். அதே சத்தம். கம்பெனியே போட்டு அனுப்பியது! தட்டைப் பட்டன்களையும் ஒற்றை ஸ்லைடரையும் வைத்துக்கொண்டு அதில் புதுச் சத்தம் உருவாக்க எவனுக்குப் பொறுமை, ஊர் உலகமே 11ஐ அமுக்கியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியாமல் மாப்பிள்ளை வரும்வரை அந்த ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழையடேப்:
மோக், சரி. கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சீனியர் நம்பரும் போன மாதம் கிடைத்துவிட்டது. ‘அண்ணா’ என்று டைப் பண்ணுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

முந்நூற்றுமூன்று:
அனுப்புவதற்கு முன்னால் அந்த கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள், பழைய டேப் ஒட்டிக்கொள்ளும்.