மாருதி 800 சிக்னல்ல கொதிக்குது, ரேஸ் கார் கொதிக்கலையே? அவசரம்

சூலூரான்:
அண்ணனுங்களா, என்ற 800 காந்திபுரம் வந்தாலே சூட்டு மீட்டர் ஊசி சிவப்புக்குப் போயிருதுங்க. பிரண்டோட வின்டேஜ் ரேஸ் கார், ஃபார்முலா மாருதி, இதே 796 சிசி இஞ்சின். செட்டிபாளையம் டிராக்ல மிதிச்ச மிதியில சுத்துது, ஒண்ணுமே ஆகறதில்ல. நாளான்னிக்குப் பண்ணாரி போகோணும். என்ன பண்றதுங்க?

லேத் பட்டறை:
எந்த வருச வண்டி? ஏசி இருக்குதா? கூலண்டா, பைப்புத் தண்ணியா?

அன்னூர் டீசல்:
ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, இஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீலு. எழுதி வெச்சுக்கங்க.

ஸ்பேனர் 10-11:
ரேடியேட்டருக்குத் தண்ணிய அடைச்சுத் தொறக்கற தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசுங்க.

பழைய இரும்பு:
தம்பி, மொதல்ல வார்த்தையச் சரியா போடு. வின்டேஜுன்னா 1919-லிருந்து 1930 வரைக்கும் செஞ்ச வண்டி. உம்பட பிரண்டோட ஃபார்முலா மாருதிய நம்மூரு கரிவர்தன் செஞ்சது 80-கள் கடைசில. அப்புறம், அதுக்கு சிக்னல் ஏது? பிட்ல பத்து நிமிசம் ஸ்டார்ட்ல நிறுத்தச் சொல்லு, தெரியும். மளிகை வாங்கற வண்டிய அதோட ஒப்பிடறதே தப்பு.

பியட் பிரியன்:
வெள்ளக்காரன் கணக்கு நமக்கெதுக்குங்? செட்டிபாளையம் டிராக்குக்கே கரிவர்தன் பேருதான், கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒப்பிட்டா என்ன தப்பு? ரேஸ் கார் செஞ்ச இங்கிலாந்துக்காரர் ஜான் கூப்பர் 1959-ல இஞ்சின டிரைவர் முதுகுக்குப் பின்னால வெச்சு, ஜாக் பிராபம் ஓட்டி எஃப்1 பட்டம் வாங்குனாரு. 61-ல மளிகை வாங்கற 848 சிசி மினி காரையும் 997 ஆக்கி அதுக்குத் தன் பேரயே குடுத்தாரு.

பழைய இரும்பு:
மினில ரேடியேட்டர் பக்கவாட்டுல, சக்கரத்துப் பக்கமா காத்தத் தள்ளும். மான்டி கார்லோ ராலி பனில ஜெயிச்சுது. சித்திரை வெயில்ல உக்கடத்துல நிறுத்திப் பாருங்க.

லேத் பட்டறை:
ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வாங்க. தம்பி, பைபாஸ்ல போனா ஊசி எறங்குதா?

சூலூரான்:
எறங்குதுங்ணா. 97 மாடல், ஏசி இல்ல.

லேத் பட்டறை:
அதச் சொல்லோணுமல்லொ மொதல்ல! ஓடறப்ப காத்தே ஆத்திரும், நின்னா ஃபேன்தான் ஆத்தோணும். ஊசி ஏறுனதும் பானெட்டத் தூக்கிப் பாரு, ஃபேன் சுத்துதான்னு. சுத்தலீன்னா பேட்டரில இருந்து மோட்டாருக்கு நேரா ஒயர் குடு. அப்பச் சுத்துனா மோட்டார் நல்லாருக்குது. பியூஸ், ரிலே, சூடு ஏறுனா ஃபேனப் போடற தெர்மோ சுவிட்ச், ஒயர்னு ஒண்ணொண்ணாப் பாரு. சூட்டோட ரேடியேட்டர் மூடியத் தொறந்தறாத, மூஞ்சி வெந்துரும்.

ஸ்பேனர் 10-11:
தெர்மோஸ்டாட்டக் கழட்டியாச்சா?

சூலூரான்:
எலிங்ணா. ஃபேன் ஒயரக் கடிச்சு வெச்சிருக்குது, பக்கத்துல தேங்காநாரு கூடு வேற. ஒயர் சேத்தாச்சு. பண்ணாரி கெளம்பறனுங்க.

அன்னூர் டீசல்:
எதுக்கும் கேஸ்கெட்டையும் ஒருக்காப் பாத்துருங்க.