மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். எங்கள் மகனுக்கு இரண்டே கால் வயது ஆகிறது. நடப்பதிலும் ஓடுவதிலும் குறையில்லை. ஆனால் நான்கைந்து சொற்களே பேசுகிறான், பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டாமல் என் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறான். வளர்ச்சியில் தாமதம் தெரிவதாகக் கூறிய குழந்தை மருத்துவர் முழு மதிப்பீட்டுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். அதற்குப் பல மாதங்கள் ஆகும். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். என்ன குறை என்று தெரியாமல் பயிற்சி எதுவும் வேண்டாம் என்கிறார் கணவர். இணையத்தில் பார்த்ததையெல்லாம் நான் செய்யப்போய், அவனும் அழுகிறான், நானும் ஓய்ந்துபோகிறேன். ஐந்து வயது மூத்த மகளுடன் உட்காரக்கூட நேரமில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (பேச்சுப் பயிற்சியாளர்)
முதலில் செவித்திறன் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முழு மதிப்பீடு வரை அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொலைக்காட்சிச் சத்தம் கேட்டு ஓடிவருகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்டு, 'ச', 'ஸ' போன்ற உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கேட்டல் மங்கும்.

எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலை மருத்துவரிடம் கேளுங்கள். அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது என்பதால் உங்கள் மகன் இன்னும் அந்த வயது வரம்புக்குள் இருக்கிறான். ஆட்டிசம் குறித்து மேலும் ஆராய வேண்டுமா என்பதை மட்டுமே அது காட்டும்; நோயை உறுதிசெய்யாது.

குறையின் பெயர் தெரிந்த பிறகே பயிற்சி என்ற உங்கள் கணவரின் தயக்கம் புரிகிறது, ஆனால் இந்த வயதில் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி எந்தப் பெயர் வந்தாலும் மாறப்போவதில்லை. தனியாகப் பயிற்சி நேரம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டு, நீங்கள் எப்படியும் செய்யும் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும்போது சட்டையைத் தலைவழியே மாட்டிவிட்டுச் சற்று நிறுத்தி, "கை" என்று ஒரே சொல்லைச் சொல்லி, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் காத்திருங்கள். அவன் கையை நீட்டினாலும், முகத்தைப் பார்த்தாலும், முனகினாலும் அதைப் பதிலாக ஏற்றுக் கையை நுழைத்துவிடுங்கள். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். அழுகை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

மறுமொழி 2 (டவுன் சின்ட்ரோம் உள்ள சிறுமியின் தந்தை)
உங்கள் களைப்பையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கென்று ஒரு பராமரிப்பாளர் பயிற்சியை வகுத்திருக்கிறது: ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள். அதில் சேர நோயின் பெயர் உறுதியாகியிருக்க வேண்டியதில்லை; பெற்றோரின் மனநலமும் அதன் பாடங்களில் ஒன்று. உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

மாமியாரிடம் வாதிடுவதில் பயனில்லை என்பது என் கருத்து. அவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள்; மகன் அவருடன் இருக்கும் அந்த அரைமணி நேரம் மகளுக்குரியதாகட்டும். அவள் விரும்பினால் தம்பியோடு விளையாடட்டும், ஆனால் அவளைக் குட்டி ஆசிரியையாக்கிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. செவித்திறன் பரிசோதனைக்கு இன்றே நேரம் கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: சைகையையும் படங்களையும் பழக்கினால் அவன் பேசவே முயலமாட்டான் என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 1 (பேச்சுப் பயிற்சியாளர்)
இல்லை. சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை; சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. கேட்டதைப் பெற ஒரு வழி கிடைத்தவுடன் அடம் குறைவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அவனுக்கு மிகவும் பிடித்த இரண்டு பொருள்களின் படங்களோடு தொடங்குங்கள். அவன் படத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அப்பொருளின் பெயரை நீங்கள் சொல்லியே கொடுங்கள்.