கட்டுத் துணி: எது அதிகம் உறிஞ்சும், எது நனைந்தாலும் தாங்கும்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வேதியியல் ஆசிரியை, திருநெல்வேலி

பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் பிள்ளைகள் மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டுப் பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பஞ்சு, நெய்த காஸ் துணி, நெய்யாத காஸ் (தொட்டால் டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கும்), ஃபோம், டயப்பரில் வரும் ஜெல் பேட் எல்லாம் வாங்கினோம். ஆய்வகங்களில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. துண்டின் எடையைப்போல 40 மடங்கு கரைசலில், 37 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் ஊறவைக்க வேண்டும். பிறகு ஒரு முனையைப் பிடித்து 30 விநாடி தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். அந்தக் கரைசல் வெறும் தண்ணீர் இல்லை. ரத்தத்தில் உள்ள அளவுக்குச் சோடியமும் கால்சியமும் சேர்த்தது.

ஏன் வெறும் தண்ணீர் கூடாது என்பதை ஜெல் பேட் காட்டிக் கொடுத்தது. தண்ணீரில் போட்டதும் ஊதிப் பெருத்தது. சலைனில் போட்டால் அதில் சிறு பங்குதான் குடித்தது. ஜெல்லாக மாறும் அந்தப் பாலிமரின் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு) சங்கிலிகளில் உள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது விரிகிறது. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளுதலை மட்டுப்படுத்திவிடும். புண்ணிலிருந்து வருவதும் உப்பு நீர்தானே. டயப்பர் விளம்பரத்தில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வலிமைச் சோதனை இன்னும் சுவாரசியம். ஒரே அகலத்தில் நறுக்கி, கீழே எடைக்கற்களைத் தொங்கவிட்டோம். முதலில் காய்ந்த துண்டு, அப்புறம் நனைந்த துண்டு. பருத்தி காஸ் நனைந்த பிறகு கூடுதல் எடை தாங்கியது! விஸ்கோஸ் இழை (மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான்) அதற்கு நேர் எதிர், நனைந்தால் பாதி பலம் போய்விடும். இரண்டும் செல்லுலோஸ்தான், அதாவது தாவர நார்ப்பொருள். ஆனால் பருத்தியில் சங்கிலிகள் நீளம், படிக ஒழுங்கும் அதிகம். விஸ்கோஸில் சங்கிலிகள் குட்டை, இடையில் தண்ணீர் புகுந்து பிடிப்பைத் தளர்த்திவிடும். நெய்யாத காஸில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் தாங்குகிறது, முழு விஸ்கோஸ் என்றால் கையோடு வருகிறது. உறையில் என்ன இழை என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

செவிலியர், மதுரை

டீச்சர், பிள்ளைகளுக்கு என் பாராட்டு. வார்டில் பார்ப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் அதிகம் பார்ப்பது சுகர் புண், அதுவும் பாதத்தில். நீங்கள் தொங்கவிட்டு எடை பார்த்தீர்கள். எங்கள் நோயாளி அந்தக் கட்டின் மேலேயே நிற்கிறார், நடக்கிறார். தொங்கும்போது நிறையப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு, அழுத்தினால் அத்தனையையும் திருப்பிக் கக்கிவிடும். அந்த ஈரத்தில் புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளுத்துவிடும். ஜெல் வகையின் அருமை இங்கேதான் தெரியும். சலைனில் குறைவாகக் குடித்தாலும் குடித்ததை எளிதில் விடாது. பிள்ளைகளிடம் ஈரத் துண்டின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

பஞ்சை நேராகப் புண்ணில் வைக்கவே கூடாது. இழை இழையாக ஒட்டிக்கொள்ளும், எடுக்க நாம் படும் பாட்டைவிட நோயாளி படும் பாடு பெரிது. பர்மிங்காமில் ஜோசப் சாம்ப்சன் கேம்ஜி என்ற அறுவை மருத்துவர் 1880-இல் இதற்கு வழி செய்தார். பஞ்சை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் காஸ் போர்த்தினார். உறிஞ்சுவது பஞ்சு, பிய்ந்து வராமல் காப்பது காஸ். நாங்கள் இன்றும் ‘கேம்ஜி கொண்டு வா’ என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்று, வலிமை எப்போதும் நல்லதில்லை. காய்ந்த காஸ் புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோனால், இழுக்கும்போது துணி கிழியாது, புதிதாக வந்த தோல்தான் கிழியும். ஈரமான சூழலில் புண் சீக்கிரம் மூடும் என்பதை ஜார்ஜ் விண்டர் 1962-லேயே பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார். இருந்தும் ‘புண்ணைக் காயவிடு’ என்ற பேச்சு இன்னும் எல்லா வீட்டிலும் கேட்கிறது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். எடுப்பதற்கு முன் சலைன் ஊற்றி ஊறவிட்டு, பொறுமையாகப் பிரியுங்கள். பாரஃபின் தடவிய வலைத்துணி உறிஞ்சவே உறிஞ்சாது, ஒட்டாமல் இருப்பதுதான் அதன் வேலை. மேலே காஸ் வைத்தால் வலைக்கண் வழியாக நீர் ஏறிப் போகும். தீக்காயத்துக்கு வேகவைத்துக் கிருமி நீக்கிய வாழை இலையைப் போடும் வழக்கமும் நம் நாட்டு மருத்துவமனைகளில் உண்டு, அதுவும் இதே காரணத்துக்காகத்தான். வீட்டில் அப்படியே தோட்டத்து இலையைப் பறித்து வைக்காதீர்கள்.

நீர் நிறைய ஒழுகும் ஆழமான புண்ணுக்குக் கடற்பாசியில் செய்யும் ஆல்ஜினேட் வைக்கிறோம். அதிலுள்ள கால்சியம் புண் நீரிலுள்ள சோடியத்தோடு இடம் மாறிக்கொள்ள, இழை ஜெல்லாகிவிடும். தன் எடையைப்போல 15 முதல் 20 மடங்கு பிடிக்கும். ஆனால் ஜெல்லான பிறகு பலம் குறைவு, துண்டாக வரும். குழிக்குள் ஒரு துண்டும் தங்கிவிடாமல் கழுவி எடுக்க வேண்டும். காய்ந்த புண்ணுக்கு இது ஆகாது.

விசைத்தறி வைத்திருப்பவன், சத்திரப்பட்டி

ராஜபாளையம் பக்கத்தில் எங்கள் ஊருக்குத் தொழிலே பேண்டேஜ் துணிதான். தறியிலிருந்து இறங்கும் துணியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகு நீரை ஏற்றாது, பாவு நூலில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஏற்றிய கஞ்சியும் கூடவே இருக்கும். காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து, பிளீச் பண்ணி, நன்றாக அலசினால்தான் உறிஞ்சும். பிளீச் அதிகமானால் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும், நூல் இற்றுப்போகும். ஆக, அக்கா சொன்ன உறிஞ்சுதலும் டீச்சர் பார்த்த பலமும் வேகவைக்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

வாங்குபவர்கள் செய்யக்கூடிய சோதனை இரண்டு. பஞ்சானாலும் காஸானாலும் தண்ணீரின் மேல் மெதுவாக விடுங்கள், 10 விநாடிக்குள் மூழ்கிவிட வேண்டும், அதுதான் விதி. பஞ்சு என்றால் ஒரு கிராமுக்கு 23 கிராம் தண்ணீராவது பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு துண்டில் அயோடின் சொட்டுங்கள். நீலமானால் கஞ்சி போகவில்லை. மொடமொடவென்று விறைப்பாக இருக்கும் காஸைப் பார்த்துத் ‘தரமான சரக்கு’ என்று வாங்குகிறார்கள். விறைப்பு கஞ்சியினால் வருவது.

அம்மாவைப் பார்த்துக்கொள்பவர், கோவை

அம்மாவுக்குக் காலில் வெரிகோஸ் புண். கணுக்காலுக்கு மேலே, ராத்திரியெல்லாம் ஒழுகும். முதலில் வெறும் காஸை அடுக்கடுக்காக வைத்துக் கட்டினோம். விடிவதற்குள் படுக்கை நனைந்துவிடும், அம்மா அதற்காகக் கூச்சப்பட்டு அழுதார். பிறகு கிளினிக் செவிலியர் சொல்லித்தந்தபடி புண்மேல் ஒட்டாத வலைத்துணி, அதன்மேல் ஆல்ஜினேட், அதன்மேல் ஜெல் பேட், கடைசியில் மருத்துவர் எழுதிக்கொடுத்த அழுத்தக் கட்டு. அந்தக் கட்டு போட்ட பிறகு ஒழுகுவதே குறைந்தது. காலில் தேங்கும் நீரை அது மேலே ஏற்றிவிடுகிறதாம். காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதைப் போடலாம் என்றார் மருத்துவர், நீங்களாக இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்ஜினேட் ஒரு துண்டின் விலைக்குக் காஸ் எவ்வளவோ வாங்கலாம்தான். ஆனால் காஸ் என்றால் ஒரு நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு வலி. இப்போது ஈரக்கறை பேடின் விளிம்பை நெருங்கும்போது மட்டும் மாற்றுகிறோம். தெரிவதற்காகப் பேடின் பின்பக்கம் விளிம்புக்கு உள்ளே பேனாவால் ஒரு கோடு போட்டுவைப்பேன். கறை கோட்டைத் தொட்டால் மாற்று, தொடவில்லையா, அம்மா தூங்கட்டும்.