பனாமா கால்வாய்க்கு ஏரித் தண்ணீர் எதற்கு?

கேள்வி: இரண்டு பக்கமும் கடல்தானே? பிறகு ஏன் 2023 வறட்சியில் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்?

பதில்: நடுவில் உள்ள காட்டூன் ஏரி கடல்மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் மேலே இருக்கிறது. கப்பல் மதகு அறைகளில் (இரு முனையிலும் கதவுள்ள தொட்டிகள்; தண்ணீர் நிரம்பினால் கப்பல் உயரும், வடிந்தால் இறங்கும்) படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். பம்பு கிடையாது, ஏரித் தண்ணீர் தானாகவே இறங்கி அறையை நிரப்பும், கடைசியில் கடலில் கலந்துவிடும். மிராஃபுளோரெஸ் மதகருகே நின்று அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை, அத்தனையும் நல்ல தண்ணீர்! வறட்சியில் ஏரித் தண்ணீர் குறைந்தால் கப்பல்களையும் குறைக்க வேண்டியதுதான். 2016-இல் திறந்த புதிய மதகுகள் சுமார் 60 சதவீதத்தைத் தேக்கித் திரும்பப் பயன்படுத்துகின்றன.

கேள்வி கேட்டவர்: சரி, கடல்நீரையே மேலே ஏற்றினால்?

பதில்: ஏரி உப்பாகிவிடும். பனாமா நகரமும் கோலோனும் குடிப்பது இந்தக் கால்வாய்ப் படுகைத் தண்ணீரைத்தான்.