கெட்டி தட்டுற வரைக்கும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "தேவன்தான் என் அஸ்திவாரம்னு எல்லாரும் சொல்றீங்களே, அது உங்களுக்கு என்னைக்கு நிஜமாத் தெரிஞ்சது?" அன்றைக்கு நேரமில்லை. இங்கே சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

எங்களுக்கு மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் பக்கம். சுற்றிலும் கரிசல். 2011ல் வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும்போது மூன்றடியில் நிறுத்தலாம் என்றார் என் வீட்டுக்காரர். கொத்தனார் எங்கள் சபையில் மூத்தவர், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த மண்ணு மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும் தாயி. இது மேல எதை வச்சாலும் அதுவும் சேர்ந்து அசையும். கெட்டி தட்டுற வரைக்கும் போவோம்." ஐந்தரை அடியில் கடப்பாரை ணங்கென்றது. சுக்கான் பாறை. தரைக்கு டைல்ஸ் போட வைத்திருந்த பணமெல்லாம் அந்தக் குழிக்குள் போனது. "யார் கண்ணுக்கும் படாத இடத்துல கொட்டுறோமே" என்று என் வீட்டுக்காரருக்கு வருத்தம். எங்கள் வீட்டுத் தரை இன்றும் சிமெண்டுதான்.

முதல் கல் வைத்த அன்று ஆயர் மத்தேயு 7ஆம் அதிகாரத்தை வாசித்தார். கன்மலையின் மேல், அதாவது பாறையின் மேல், ஒரு வீடு; மணலின் மேல் ஒரு வீடு. முதலாவது நின்றது, மற்றது விழுந்தது. சண்டே கிளாஸ் காலத்திலிருந்து கேட்ட கதைதான். ஆனால் மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டின் மேலேயும்தான் மோதியது என்பது அதுவரை என் கண்ணில் படவே இல்லை. நல்ல வீட்டுக்கு மழை வராது என்று இயேசு சொல்லவில்லை. இதே கதையை லூக்கா எழுதும்போது "ஆழமாய்த் தோண்டி" என்று கூடுதலாகச் சொல்கிறார். கொத்தனார் அந்த வார்த்தையை எனக்கு விரல் வைத்துக் காட்டினார்.

2019ல் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். வலது பக்கமும் பேச்சும் போயின. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் 19 நாள். வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. நாக்கு கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. விசுவாசமே போய்விட்டதோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, நான் கூப்பிடாமலே 46ஆம் சங்கீதம் வந்தது: "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்..." அதுவும் அவர் குரலில் வந்தது.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் ஜெபம் வைப்போம். அவர் வாசிப்பார், மகன் தூங்கி விழுவான், நான் அடுப்பில் வைத்த பாலையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதில் பெரிய பக்தி ஒன்றும் எனக்கு இருந்ததாக ஞாபகமில்லை. ஆனால் வருஷக்கணக்கில் நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று அந்தப் பாயில் தெரிந்தது. மழை பெய்யும்போது யாரும் வானம் தோண்ட முடியாது.

அவர் எழுந்து நடக்கவில்லை. 14 மாதம் என்னோடு இருந்தார். "ஆமென்" மட்டும் திரும்பி வந்தது.

*செல்லூரிலிருந்து:*

அக்கா, வாசிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 2024 அக்டோபர் மழையில பந்தல்குடி வாய்க்கால் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. ரெண்டு தறி, மோட்டாரோட முங்கிருச்சு. தீபாவளிக்குக் குடுக்க வேண்டிய துண்டு எல்லாம் சேறு. நான் ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன், அதை மறைக்க விரும்பலை. மறுநாள் காலையில சபை அண்ணன்மார் ஆறு பேர் வாளியோட வந்து நின்னாங்க. ஒருத்தரும் பிரசங்கம் பண்ணலை. ஒத்தக்கடைப் பக்கம் போறப்ப யானைமலையைப் பாத்து, கன்மலைன்னா இதுதான்னு சின்ன வயசுல நெனப்பேன். இப்ப அந்த வாளிதான் ஞாபகம் வருது.

*ஞானஒளிவுபுரத்திலிருந்து:*

நான் ஆர்.சி., கத்தோலிக்க சபை. இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். எழுதுகிறேன்.

எங்கள் முதல் குழந்தை நாலு நாள்தான் இருந்தது. பார்க்க வந்த ஒருவர், "இன்னும் விசுவாசத்தோட கேட்டிருக்கணும்" என்றார். குழந்தையை அடக்கம் பண்ணியதைக் கூடத் தாங்கிவிட்டேன். அந்த வார்த்தையை இன்னும் தாங்க முடியவில்லை. தயவுசெய்து யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். பைபிளில், பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவிடம் அப்படிப் பேசிய நண்பர்கள் மேல்தான் கடவுள் கோபப்பட்டார், யோபுவின் மேல் அல்ல.

அதற்கப்புறம் பூசைக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன். பதிலெல்லாம் மற்றவர்கள்தான் சொல்வார்கள். "நம்புகிறேன்" என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தையும் அவர்கள்தான் சொல்வார்கள். எனக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப் பதினோரு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படி என்று தெரியவில்லை, "நம்புகிறேன்" என்று என் வாயும் சொல்லிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பதினோரு மாதமும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கவனித்திருக்கிறார் போல.

அஸ்திவாரம் என்றால் எனக்கு இதுதான். நான் நிற்காத நாளிலும் அது இருந்தது.

*திருமங்கலத்திலிருந்து மறுபடியும்:*

ஞானஒளிவுபுரம் தங்கச்சி, ஆர்.சி. என்ன, சி.எஸ்.ஐ. என்ன. உங்கள் பாட்டி மாதிரி ஒருவர் எனக்கும் அந்த வராந்தாவில் இருந்திருக்கலாம் என்று ஏங்கிவிட்டேன். அந்தப் பிள்ளையை இன்றைக்கு ஜெபத்தில் நினைத்துக்கொண்டேன்.

தம்பி, தறி ஓடுகிறதா? எழுதுங்கள்.

போன மாதம் மகன் மாடி எடுக்கலாமா என்று கேட்டு, கொத்தனாரைக் கூட்டி வந்தான். அவருக்கு இப்போது பார்வை மங்கல். ஜன்னலுக்கு மேலே இருந்த விரிசலைத் தடவிப் பார்த்தார். "இது பூச்சு வெடிச்சது தாயி, சுவரு வெடிக்கலை. போடலாம், தாங்கும்" என்றார்.

எட்டு மணிக்கு இப்போது மகன்தான் வாசிக்கிறான். பேரன் தூங்கி விழுகிறான். நாங்கள் எழுப்புவதில்லை.